மனுவில் எதைக் கேட்பது? சேர்வராயன் மலை ஆசிரியைக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

இந்த முறை வந்த கடிதம் பதினொரு பக்கம், கையெழுத்தில். கூடவே முதலமைச்சருக்கு அனுப்புவதற்காக எழுதி வைத்திருக்கும் மனுவின் நகல். எழுதியவருக்கு 36 வயது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1998-இல், அவருக்கு 9 வயது இருக்கும்போது, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி அவர்கள் பட்டறைக்கு வேலைக்கு வந்தார். சித்தப்பா என்று கூப்பிட்ட அந்த ஆள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவரைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கினார். சிறுமியான இவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா இரவெல்லாம் அழுதார். மறுநாளிலிருந்து மகளைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. ஆனால் "வெளியே தெரிஞ்சா உங்கப்பா உசுரோட இருக்க மாட்டாரு" என்று அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டார். அந்த ஆளுக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் முன்வரிசையில் உட்காருகிறார். பள்ளி விடுமுறைக்கு அவருடைய 7 வயதுப் பேத்தி வந்து தங்குகிறாள். "போன மே மாதம் அந்தக் குழந்தையை அவர் மடியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது இவை. மூன்று ஆண்டுக் கெடு முடிந்துவிட்டதாக ஒருவர் சொன்னாரே, இனிப் புகார் கொடுக்கவே முடியாதா? கொடுத்தால், மறைத்த குற்றத்துக்காக அம்மா மீது வழக்கு வருமா? அந்த ஆளின் பெயரை ஃபேஸ்புக்கில் போட்டால் என்ன? இவற்றோடு மனுவின் ஐந்து கோரிக்கைகள்: எல்லாக் குற்றவாளிகளுக்கும் தூக்கு, அவர்கள் படத்தோடு ஊர்தோறும் பலகை, பள்ளியில் கட்டாயப் பாடம், பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் துணையும் பண உதவியும், பழைய குற்றங்களுக்கும் கெடு இல்லாத வழக்கு. "இதில் எதை அடிக்க வேண்டுமோ அடித்துவிட்டுத் திருத்திக் கொடுங்கள்" என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனுவைப் பேனாவோடுதான் படித்தேன். அதற்கு வருகிறேன். முதலில் அந்த 7 வயதுக் குழந்தை.

பேத்தியைப் பற்றி

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டும் தகவல் சொல்லச் சொல்லவில்லை. நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சொல்ல வேண்டும் என்கிறது. உங்களிடம் இருப்பது வெறும் சந்தேகம் இல்லை, சொந்த அனுபவம். நல்லெண்ணத்தோடு தகவல் தருகிறவர் மீது வழக்கோ நஷ்டஈடோ வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பின்னால் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தாலும் நீங்கள் பொய் சொன்னவராகிவிட மாட்டீர்கள். ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ அவதூறு செய்யவோ பொய்ப் புகார் கொடுப்பதைத்தான் சட்டம் தண்டிக்கிறது.

என் ஆலோசனை: முதலில் அந்தக் குழந்தையின் அம்மாவைத் தனியாகச் சந்தியுங்கள். "உன் மாமனார் இப்படிப்பட்டவர்" என்று தொடங்க வேண்டாம். "எனக்கு இந்த வீட்டில் இப்படி நடந்தது, உன் பிள்ளையை அவரோடு தனியாக விடாதே" என்று உங்கள் கதையாகவே சொல்லுங்கள். சண்டை வரலாம், நம்பாமல் போகலாம். அப்படியே போனாலும் அந்தத் தாயின் கண் இனித் தன் குழந்தை மேல் இருக்கும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. குழந்தை ஏதாவது சொன்னதாகத் தெரிந்தால் அடுத்த நிமிடமே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். குழந்தை எதுவும் சொல்லாவிட்டாலும், அடுத்த விடுமுறை வருவதற்குள் அருகிலுள்ள மகளிர் காவல் நிலையத்திலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையை உட்கார வைத்து நீங்களே துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்ட கேள்விகளால் ஒரு குழந்தையின் வாக்குமூலம் குழம்பிப் போனதை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வழக்கு: கெடு முடிந்ததா?

உங்களிடம் சொன்னவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14-ஆம் தேதி. குற்றம் நடந்த நாளில் என்ன சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டிக்கலாம் என்பது அரசியல் சாசனத்தின் 20-ஆம் பிரிவு. ஆகவே உங்களுக்கு நடந்ததற்கு போக்சோவும் பொருந்தாது, 2024 ஜூலை 1-ஆம் தேதி வந்த புதிய தண்டனைச் சட்டமும் பொருந்தாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான்.

அதில் எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தே கெடு. பாலியல் வன்புணர்வு (376), இயற்கைக்கு மாறான குற்றம் (377) ஆகியவற்றுக்குத் தண்டனை மூன்று ஆண்டுகளுக்கு மேல் என்பதால் கெடுவே கிடையாது. 25 ஆண்டுகள் கழித்தும் எஃப்.ஐ.ஆர் போடலாம். மானபங்கம் என்ற 354-ஆம் பிரிவுக்கு அன்று அதிகபட்சம் இரண்டே ஆண்டுகள் தண்டனை. அதனால் மூன்று ஆண்டுக் கெடு உண்டு. ஒரு குழந்தையின் உடலுக்குச் செய்யப்படும் எத்தனையோ கொடுமைகளை அன்றைய சட்டம் இந்த ஒரு பிரிவுக்குள்தான் திணித்து வைத்திருந்தது. அது உங்கள் மனுவுக்கு மிக முக்கியமான விஷயம், நினைவில் வையுங்கள். நீதி கருதித் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அது அதிகாரம்தானே தவிர, உங்கள் உரிமை இல்லை.

என்ன நடந்தது என்பதைக் கடிதத்தில் விவரிக்காமல் விட்டிருக்கிறீர்கள். அது சரிதான். நேரில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

எனக்குத் தெரிந்த உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இது கடினமான வழக்கு. போக்சோ வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்தான் தன்னைக் குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேண்டும் என்கிற அனுமானம் உங்கள் வழக்கில் இருக்காது. மருத்துவச் சான்று இல்லை. உங்கள் வாக்குமூலமும், அன்று நீங்கள் அம்மாவிடம் சொன்னதை அம்மா இன்று ஒப்புக்கொள்வதும்தான் கையில் இருப்பவை. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணையில் "இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீர்கள்" என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதைத் தாங்கும் நிலையில் இருக்கிறீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நான் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன். இரண்டுக்கும் முன்னால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அம்மாவைப் பற்றிய பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். தகவல் சொல்லாமல் மறைப்பதைக் குற்றமாக்கியதும் 2012 சட்டம்தான். 1998-இல் மறைத்ததற்காக அவர் மீது அந்த வழக்கு வராது. அவரிடம் இதைச் சொல்லுங்கள். சட்டத்துக்குப் பயந்தே அவர் இன்னும் பேசாமல் இருக்கக்கூடும்.

ஃபேஸ்புக் வேண்டாம். உண்மையைப் பொதுநலனுக்காகச் சொல்வது அவதூறு ஆகாது என்பது சரி, ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். புகார்தாரராக நிற்க வேண்டிய நீங்கள் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பீர்கள். இன்னொன்றும் உண்டு. அந்த ஆளின் பெயரைப் போட்டால் தெருவே அவருடைய பேத்தியைத்தான் திரும்பிப் பார்க்கும்.

மனுவில் நான் அடித்த இரண்டு வரிகள்

சரி, இப்போது மனு. முதல் கோரிக்கையான தூக்கு. கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று போக்சோவின் 2019 திருத்தத்திலேயே வந்துவிட்டது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை வன்புணர்ந்தால் குறைந்தபட்சமே 20 ஆண்டுகள். நீங்கள் கேட்பது எல்லோருக்கும் தூக்கு. உங்கள் கோபத்தில் எனக்குப் பங்குண்டு. ஆனாலும் இதை எடுத்துவிடச் சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். போக்சோ வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆட்கள்தான். அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர். "சொன்னால் சித்தப்பாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்" என்று தெரிந்தால் எத்தனை வீடுகளில் வாயைத் திறப்பார்கள்? உங்கள் அம்மா திறந்திருப்பாரா? சாட்சிகள் பிறழ்வதற்கும் இதுவே காரணமாகிவிடும். உயிரோடு விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, ஊர்ப் பலகை. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 முதல் இருக்கிறது. காவல் துறையினர் மட்டும் பார்க்க முடியும். பொதுவில் வைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம், பேத்தியைப் பற்றி மேலே நான் சொன்னதேதான். குற்றவாளி வீட்டு ஆளாக இருக்கும்போது அவர் படத்தை ஒட்டினால் குழந்தையின் படத்தையும் ஒட்டியதாகத்தான் ஆகும். குழந்தையின் அடையாளத்தை எந்த வகையிலும் வெளிப்படுத்தக் கூடாது என்று 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. இந்த வரிக்குப் பதிலாக, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கிற 2020 விதியைக் குறிப்பிட்டு, அது நடக்கிறதா என்று கேளுங்கள். விடுதி, டியூஷன், விளையாட்டுப் பயிற்சி, பள்ளி வேன் எல்லாவற்றையும் சேர்த்து. உறைவிடப் பள்ளிகளும் விடுதிகளும் இருக்கும் மலையில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதன் அவசியம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏற்கெனவே சட்டத்தில் இருப்பவை

மூன்றாவதும் நான்காவதும் புதிய சட்டம் கேட்க வேண்டியவை இல்லை. வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடம் 2020 போக்சோ விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது, அதை யார் நடத்துவது, ஆண்டுக்கு எத்தனை வகுப்பு, ஆசிரியர்களுக்கு யார் பயிற்சி தருவது என்பதைத்தான். ஆண் குழந்தைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் மனு முழுக்க "பெண் குழந்தைகள்" என்றே இருக்கிறது. போக்சோ 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோருக்குமானது. மத்திய அரசு 2007-இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள். உங்கள் வகுப்பில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பையனையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

துணை விஷயத்தில் சட்டம் தாராளமாகவே எழுதியிருக்கிறது. காவல் நிலையம் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழு, விசாரணை தொடங்கித் தீர்ப்பு வரை கூடவே வர ஒரு ஆதரவு நபரை ஏற்பாடு செய்யலாம். இது முறையாக நடக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. எஃப்.ஐ.ஆர் போட்ட பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம். எதிரி விடுதலையானாலும், ஆளே பிடிபடாவிட்டாலும் இழப்பீடு கொடுக்கலாம். உத்தரவு வந்த 30 நாளில் அரசு பணம் தர வேண்டும். தண்டனை கிடைத்தால்தான் பணம் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. பல பெற்றோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் உங்கள் மலையைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரும் எழுத மாட்டார்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்பது 24-ஆம் பிரிவு. அதாவது காவல் துறைதான் மலை ஏற வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் ஓர் அம்மா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காலைப் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குகிறார். மருத்துவமனை ஒரு நாள், நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் ஒரு நாள், நலக் குழு ஒரு நாள். வழக்கு தொடங்கிய பிறகு வாய்தா. போன பிறகுதான் நீதிபதி விடுப்பு என்று தெரியும். ஒவ்வொரு முறையும் கூலி போகிறது, ஊரில் "எங்கே போனீங்க" என்ற கேள்வி வேறு. நான்கு தடவை இப்படி இறங்கி ஏறினால் ஐந்தாவது தடவை சமாதானமாகப் போய்விடலாம் என்று தோன்றாதா? குழந்தையை அடிக்கடி நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது, கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே கேளுங்கள்: மலைக்கென்றே ஓர் ஆதரவு நபர், அதே மலையைச் சேர்ந்தவராக, சம்பளத்தோடு. குழந்தையும் பெற்றோரும் வந்து போகும் செலவும் ஒரு நாள் கூலியும் அன்றே கையில். வீடியோ மூலம் சாட்சியம் பதிவு செய்யச் சட்டம் அனுமதிக்கிறது, அதற்கு ஏற்காட்டிலேயே ஓர் அறை. இந்த மூன்றுக்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அரசாணையே போதும்.

உண்மையான ஓட்டை

உங்கள் ஐந்தாவது கோரிக்கையைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். 2012 நவம்பருக்கு முன்னால் குழந்தைகளாக இருந்து, இன்று 30, 40, 50 வயதில் இருப்பவர்களுக்கு இந்த நாட்டில் சரியான வழி இல்லை. ஆதரவு நபர், நலக் குழு எல்லாம் 18 வயதுக்குள் இருப்பவர்களை மனதில் வைத்து உருவானவை. கெடுவோ குற்றம் நடந்த நாளிலிருந்து ஓடுகிறது. 9 வயதுக் குழந்தைக்கு 12 வயதில் கெடு முடிந்துபோகிறது. அவள் தனியாகக் காவல் நிலையம் போகும் வயதே வரவில்லை!

இதை "கெடுவே கூடாது" என்று மொத்தமாகக் கேட்டால் சுலபமாகத் தள்ளிவிடுவார்கள். மூன்றாகப் பிரியுங்கள். குழந்தைப் பருவத்தில் நடந்த குற்றம் என்றால் தாமதத்தை மன்னிப்பதே வழக்கமாகவும் மறுப்பது விதிவிலக்காகவும் இருக்கும்படி குற்றவியல் நடைமுறையில் திருத்தம். வளர்ந்த பிறகு புகார் சொல்ல வருபவருக்கும் ஆதரவு நபரும் இழப்பீடும். வழக்கு போட விரும்பாதவருக்கும் மாவட்ட அரசு மருத்துவமனையில் பெயர் வெளியே தெரியாமல் மனநல சிகிச்சை. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநில சட்டமன்றமும் திருத்தம் கொண்டுவரலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். மூன்றாவதற்கு மாநில அரசு நினைத்தாலே போதும்.

நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போக்சோவே ஒரே நாளில் வந்ததில்லை. 2000-இல் சட்ட ஆணையத்தின் 172-ஆவது அறிக்கை. 2003-இல் கோவா தனியாக ஒரு குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. குழந்தை எதிரியின் முகத்தைப் பார்க்காமல் சாட்சி சொல்லத் திரை வேண்டும் என்று சாக்ஷி என்ற பெண்கள் அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல்தான் சொன்னது. சென்னையில் துளிர் அமைப்பு இதற்கென்றே வேலை செய்யத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 2007 ஆய்வு, அப்புறம் 2012. அத்தனை பேர் மனு எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள், விடாமல் பேசினார்கள்.

எங்கே, யார் பெயரில்?

நீங்கள் அரசு ஊழியர். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. பத்திரிகைப் பேட்டி, போராட்ட மேடை இவற்றைத் தவிருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தீர்மானம் போடட்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மலைக்கான மூன்று கோரிக்கைகளையும் அதில் தீர்மானமாக நிறைவேற்றி, நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கலாம். ஊர்ப் பெண்கள் கொடுத்தால் இன்னும் நல்லது. சட்டத் திருத்தம் பற்றியதைச் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும், போக்சோ எப்படி நடக்கிறது என்று கண்காணிக்கும் பொறுப்புள்ள மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணித்தால் எந்த மேஜையிலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். "எனக்கு நடந்ததை மனுவில் எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் யார் நம்புவார்கள்?" எழுத வேண்டியதில்லை. ஆசிரியை என்று கையெழுத்துப் போட்டால் போதும். திருத்திய மனுவைத் தனித் தபாலில் அனுப்புகிறேன். பேத்தியின் அம்மாவைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.